சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் வயர்

கேள்வி: அண்ணே, எங்கள் காடிக்கு 11 வயது. போன வாரம் உர மூட்டை ஏற்றுவதற்காக முன் சீட்டை முன்னும் பின்னும் தள்ளினேன். மறுநாளிலிருந்து ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை. செம்பனை ஆலையில் வயர்மேனாக இருக்கும் மாமா, மீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம் என்கிறார். பார்க்கலாமா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: வேண்டாம் தம்பி. மாமா கெட்டிக்காரராக இருப்பார், ஆனால் இது வீட்டு வயரிங் இல்லை. மின்தடையை (ஓம்) அளக்கும்போது மீட்டரே வயருக்குள் கொஞ்சம் மின்சாரத்தை அனுப்பும். ஏர்பேக்கைப் பற்றவைக்கும் திரிக்குச் சிறு மின்சாரமே போதும். பை விரிய ஏறக்குறைய 30 மில்லி விநாடிதான். முகத்தை விலக்க நேரமே இருக்காது. பட்டறையில் நாங்கள் பையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 2 ஓம் அளவுள்ள ரெசிஸ்டரை மாட்டித்தான் சோதிப்போம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்குச் சீட்டுக்கு அடியில்தான் சந்தேகம். டார்ச் அடித்துப் பாருங்கள், தொட வேண்டாம். மஞ்சள் பிளக் ஒன்று இருக்கும். பக்கவாட்டுப் பைக்கோ, பெல்ட்டை இழுத்து இறுக்கும் கருவிக்கோ போவது. சீட் நகரும்போது அது தளர்வது அடிக்கடி நடக்கும். தோட்டத்துச் செம்மண் தூசியும் ஈரமும் சேர்ந்தால் உள்ளே பச்சை பூத்துவிடும். ஹார்னையும் அடித்துப் பாருங்கள். அதுவும் வேலை செய்யவில்லை என்றால் ஸ்டீயரிங் அடியில், ஹார்னுக்கும் ஸ்டீயரிங் ஏர்பேக்குக்கும் சேர்த்து மின்சாரம் கொண்டுபோகும் சுருள் கேபிளைப் பார்க்க வேண்டும்.

பிளக்கைத் தொடுவதற்கு முன் சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஏர்பேக்கை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சேமிப்பு மின்சாரம் இருக்கும். சில கம்பெனிகள் 90 விநாடி என்கின்றன, சில 3 நிமிடம். நான் 10 நிமிடம் விடுவேன். பிளக்கை இறுக்கிய பிறகும் விளக்கு எரியலாம்; கோளாறு எண் உள்ளே பதிவாகியிருக்கும். அதை வாசித்து அழிக்க ஏர்பேக் பகுதிக்குள் போகக்கூடிய ஸ்கேனர் வேண்டும். என்ஜினை மட்டும் படிக்கும் மலிவுக் கருவிக்கு அது தெரியாது. அதனால் பட்டறையில் முதலில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், அப்புறம் கழற்றட்டும்.

பல்பைப் பிடுங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறைக்கே போகாதீர்கள். ஓர் ஆசிரியை வாங்கிய பழைய காடி என்னிடம் வந்தது. சாவியைத் திருப்பினால் அந்த விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அவர் காடியில் எரியவே இல்லை. யாரோ பல்பை எடுத்துவிட்டுத் தள்ளிவிட்டிருந்தார்கள். இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் தமிழ்ப்பள்ளிக்குப் போய்வந்த காடி அது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இன்னொன்று. தக்காத்தா என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக்குகளின் கோளாறை இந்த விளக்கு காட்டிக்கொடுக்காது. பையை ஊத வைக்க அதில் உள்ள அம்மோனியம் நைட்ரேட் என்ற ரசாயனம், நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் வருடக்கணக்கில் கிடந்து கெட்டுப்போகும். விரியும்போது இரும்புத் துண்டு தெறிக்கும். உங்கள் காடியின் சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்து, திரும்ப அழைத்த பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.