புரை முற்றும்வரை காத்திருக்கும் லயன்

கேள்வி: பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 61. நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் ஜூலையில் எங்கள் ஊர் லயன்ஸ் சங்கத்தில் சேர்ந்தேன். பொன்னாடை போர்த்தினார்கள், பேட்ஜ் குத்தினார்கள், கைதட்டினார்கள். அதோடு சரி. பழைய ஆட்கள் தங்களுக்குள்ளேயே பேசிச் சிரிக்கிறார்கள். கூட்டத்தைக் கலகலப்பாக வைக்கும் பொறுப்பில் இருக்கிற ‘டெயில் ட்விஸ்டர்’கூட எல்லோருக்கும் அபராதம் போட்டுக் கலாய்க்கிறார், என் பக்கம் வருவதில்லை. இடது கண்ணில் புரை முற்றித் தடவித் தடவி நடக்கும் 83 வயது அம்மாவையே தனியாக விட்டுவிட்டு ராத்திரிக் கூட்டங்களுக்குப் போகிறேன், அதற்குக்கூட மதிப்பில்லை. போன மாதக் கண் முகாமுக்குத் தனியாக யாரும் கூப்பிடாததால் போகவில்லை. விலகிவிடலாமா?
— திண்டுக்கல் வாசகர்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றிய வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அதை நீங்கள் கவலையாக எழுதவில்லை. சங்கத்துக்காக எவ்வளவு விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதற்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் சேர்ந்திருப்பது எந்தச் சங்கம் என்று யோசித்தீர்களா? மெல்வின் ஜோன்ஸ் என்ற சிகாகோ காப்பீட்டுக்காரர் 1917-ல் தொடங்கியது. 1925-ல் அதன் மாநாட்டுக்கு வந்த ஹெலன் கெல்லர், பார்வையற்றவர்களுக்காக உழையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கண்தான் அவர்களுக்கு முதல் வேலை. உங்களுக்குப் பக்கத்தில் மதுரையில், டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை ஊர் ஊராக முகாம் போட்டதே, அதற்கு இடம் பிடித்து, நோட்டீஸ் அடித்து, மைக் கட்டி ஆள் சேர்த்தவர்களில் லயன்ஸ், ரோட்டரிக்காரர்கள் உண்டு. முன்பின் தெரியாத ஒருவரின் அம்மாவை பஸ் ஏற்றி அனுப்பி, லென்ஸ் வைத்து, கறுப்புக் கண்ணாடியோடு ஊரில் கொண்டுவந்து இறக்கிவிடுவது இவர்கள் கைகொடுத்து நடக்கிற காரியம். அந்த பேட்ஜைக் குத்திக்கொண்டு நீங்கள் விருந்து மேஜையில் யாரும் பேசவில்லையே என்று வாடிக்கொண்டிருக்கிறீர்கள். அதே நேரத்தில் உங்கள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போகிறார். 83 வயதில் அங்கே ஒரு தடவை வழுக்கினால் இடுப்பெலும்பு என்ன ஆகும்?

புரை நன்றாக முற்றட்டும் என்று யாராவது சொன்னார்களா? அது பழைய காலத்துக் கணக்கு. இப்போது பார்வை மங்கி அன்றாட வேலை தடைப்பட்டாலே ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார்கள். விட்டுவைத்தால் புரை இறுகிப்போய் ஆபரேஷன் சிரமமாகும். சிலருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பே கெட்டுவிடும், அப்புறம் லென்ஸ் வைத்தும் பயனில்லை. ஆபரேஷன் பெரும்பாலும் அரை மணிக்குள் முடிகிற விஷயம். கையில் காசில்லாதவர்களே இலவசமாகச் செய்துகொண்டு வருகிறார்கள். பென்ஷன் வாங்கும் உங்களுக்கு என்ன தடை?

‘அம்மாதான் வேண்டாம் என்கிறார்’ என்று மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள். அந்த வரியை நிறையக் கடிதங்களில் படித்தாயிற்று. பிள்ளைக்குச் செலவும் அலைச்சலும் வைக்கக் கூடாது என்று எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வாள். இந்த ஒரு விஷயத்தில் அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளைகள், வேறு எதில் அவள் சொன்னதைக் கேட்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டில் இருக்கும் கண்ணைப் பார்க்காதவர் ஊர்க் கண்ணைப் பார்க்கப் புறப்பட்டால் நான் அதைச் சேவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கடுமையாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

சரி, சங்கம். அவர்கள் மீதும் தப்பு இருக்கிறது. ஆளைச் சேர்த்துவிட்டவர் முதல் சில கூட்டங்களுக்காவது பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவராக அறிமுகம் செய்து, ஒரு பொறுப்பையும் கையில் கொடுக்க வேண்டும். பல ஊர்களில் ஜூலையில் புது ஆண்டு பிறந்ததும் எண்ணிக்கை காட்ட ஆள் பிடிக்கிறார்கள். பொன்னாடையோடு கடமை முடிந்துவிடுகிறது. அந்த நண்பரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: “சேர்த்துவிட்டீர்களே, எனக்கு என்ன வேலை?”

ஆனால் முகாமுக்குத் தனி அழைப்பை எதிர்பார்த்தீர்கள் பாருங்கள், அது உங்கள் தப்பு. அங்கே என்ன கல்யாணமா நடக்கிறது, பத்திரிகை வைத்து அழைக்க? காலையிலேயே பள்ளிக்கூட வாசலில் ஆதார் நகலும் மஞ்சள் பையுமாகப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பெயர், வயது, ஊர் கேட்டு எழுத ஆள் வேண்டும். சொட்டு மருந்து விட்டபின் பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டிருப்பவர்களிடம் “திறக்காதீங்க பாட்டி, இன்னும் கொஞ்ச நேரம்தான்” என்று சொல்ல ஆள் வேண்டும். மதுரைக்கு பஸ் ஏறுகிறவர்களின் வீட்டு போன் நம்பரைத் தப்பில்லாமல் குறித்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். வேலைக்காலம் முழுக்கப் பத்திரத்தில் பெயரும் விலாசமும் சரிபார்த்தவர் நீங்கள். உங்களை விட்டால் இதற்கு யார் பொருத்தம்? மதியம் தக்காளி சாதப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் தானாகப் பேச்சுக் கொடுப்பார். விருந்துக் கூட்டத்தில் வராத பழக்கம் அங்கே வரும்.

விலக வேண்டாம். ஆனால் அடுத்த கூட்டத்துக்கும் போக வேண்டாம். இந்த வாரமே அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கூடப் போக ஆட்டோக்காரரை ஏற்பாடு செய்யாதீர்கள், மருமகள் தலையிலும் கட்டாதீர்கள், நீங்களே போங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்கள் வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும், அதுவும் உங்கள் கையால்தான். எதனால் வரவில்லை என்று சங்கத் தலைவருக்கு போன் செய்து சொல்லுங்கள். அடுத்த முகாம் தேதியையும் அப்போதே கேட்டு, பதிவு மேஜையில் நீங்கள்தான் உட்காரப்போகிறீர்கள் என்று சொல்லிவையுங்கள்.