நம் செல்லையே குறிவைக்கும் எதிர்ப்பொருள்கள்: கேள்வி பதில்

வைரஸின் மீது ஒட்டாமல், அது நுழையப் பயன்படுத்தும் நம் செல்லின் புரதத்தின் மீது ஒட்டும் மோனோகுளோனல் எதிர்ப்பொருள்களை (ஒரு குறிப்பிட்ட இலக்கில் ஒட்டும்படி ஆய்வகத்தில் ஒரே மாதிரியாக உருவாக்கும் புரதங்களை) பற்றி வந்த கேள்விகளுக்கு நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் ஒருவர் அளித்த பதில்கள்.

மருந்தியல் மாணவர்: எதிரி வைரஸ்தானே ஐயா, நம் புரதத்தை ஏன் மறைக்க வேண்டும்?

வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும். நம் புரதம் மாறாது. கொரோனா வைரஸின் கூர்ப்புரதத்தைக் குறிவைத்த பாம்லனிவிமாப் மருந்துக்கு அமெரிக்காவில் 2020 நவம்பரில் அவசர அனுமதி கிடைத்தது. அதற்குப் பிடிகொடுக்காத வைரஸ் வகைகள் பரவியதால், அதைத் தனியாகக் கொடுக்கும் அனுமதி 2021 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது.

இந்த வழியில் வந்த மருந்துக்கு நல்ல எடுத்துக்காட்டு, எச்.ஐ.வி.க்காக 2018 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இபாலிசுமாப். எச்.ஐ.வி. முதலில் பற்றும், நம் நோயெதிர்ப்புச் செல்களின் மேலுள்ள சி.டி.4 புரதத்தில் நான்கு பகுதிகள் உண்டு. வைரஸின் ஜி.பி.120 புரதம் முதற்பகுதியில் ஒட்டுகிறது. நம் நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும்போது சி.டி.4 தன் இயல்பான வேலையைச் செய்வதும் பெரும்பாலும் அங்கேதான். இபாலிசுமாப் இரண்டாம் பகுதியில், சற்றே எதிர்ப்புறமாகப் போய் அமர்கிறது. எனவே வைரஸ் ஒட்டுவதை அது தடுப்பதில்லை. ஒட்டிய பிறகு செல்லுக்குள் நுழைவதற்குத் தேவையான வடிவ மாற்றத்தைத்தான் தடுக்கிறது. இந்த இடத்தேர்வில்தான் இம்மருந்தின் அழகெல்லாம் இருக்கிறது என்பேன்.

ஆய்வகப் பணியாளர்: எதிர்ப்பொருள் ஒட்டிய சி.டி.4 செல்லை நம் உடலே அழித்துவிடாதா?

மிக நல்ல கேள்வி. அதைத் தவிர்க்கத்தான் அது ஐ.ஜி.ஜி.4 என்ற எதிர்ப்பொருள் வகையாக வடிவமைக்கப்பட்டது. அழிக்கும் செல்களை அழைப்பதில் அந்த வகை மந்தமானது. இன்னொரு சிக்கலும் உண்டு. இலக்குப் புரதம் உடலெங்கும் இருப்பதால் மருந்தின் ஒரு பகுதி அதனோடு ஒட்டியே தீர்ந்துபோகும். ஆகவே முதல் முறை 2000 மில்லிகிராம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 800 மில்லிகிராம் என்று நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இலக்கு நம் உடலின் சொந்தப் புரதம். வாசலை அடைத்தால் திருடனோடு பால்காரரும் வெளியேதான் நிற்பார்.

இல்லத்தரசி: டெங்குவுக்குப் பப்பாளி இலைச்சாறு இப்படித்தான் வேலை செய்கிறதா?

இல்லை. அது எதிர்ப்பொருளே அன்று.

ஆசிரியர்: நாய் கடித்தபோது மருத்துவமனையில் போட்ட ரேபிஸ் எதிர்ப்பொருள்?

அது வைரஸின் மீதே ஒட்டுவது. இங்கே பேசும் வகையில் சேராது. கடித்தவுடன் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவுங்கள்; தடுப்பூசியின் எந்தத் தவணையையும் விட்டுவிடாதீர்கள்.

மூவர், ஏறத்தாழ ஒரே சொற்களில்: நம் புரதம் மாறாது என்றால், மருந்தை எதிர்க்கும் திறன் வைரஸுக்கு வரவே வராதா?

வரும். ஜி.பி.120இல் சர்க்கரை மூலக்கூறு ஒட்டும் சில இடங்களை இழந்த எச்.ஐ.வி., இபாலிசுமாப் அமர்ந்திருக்கும்போதே நுழைந்துவிடுகிறது. அதனால்தான் அதைத் தனியாகக் கொடுக்காமல் வேறு எச்.ஐ.வி. மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

செவிலியர்: கொரோனா நோயாளிகளுக்கு நாங்கள் போட்ட டோசிலிசுமாப்?

இலக்கு நம் புரதம்தான், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6ஐ ஏற்கும் ஏற்பி. ஆனால் அது வைரஸை நிறுத்தவில்லை. மிகையாகிப்போன அழற்சியைத்தான் குறைத்தது. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், 28 நாளில் இறந்தோர் டோசிலிசுமாப் பிரிவில் 31 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 35 விழுக்காடு.

வாசகர் ஒருவர்: குடல் நோய் மருந்தான வெடோலிசுமாப் வகை எதிர்ப்பொருளால் குரங்குகளில் எச்.ஐ.வி.யை அடக்கிவிட்டார்களாமே? அதை ஏன் மறைத்தார்கள்?

யாரும் எதையும் மறைக்கவில்லை. குரங்குகளுக்குக் கொடுத்தது எச்.ஐ.வி.யின் உறவான எஸ்.ஐ.வி. என்ற வைரஸை. நோயெதிர்ப்புச் செல்களைக் குடலுக்கு இட்டுச்செல்லும் ஆல்பா4பீட்டா7 புரதத்தை மறைத்தபின், மற்ற மருந்துகளை நிறுத்தியும் வைரஸ் அடங்கியே இருந்தது என்று 2016இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2019இல் அதே இதழில் வெளிவந்த குரங்கு ஆய்வுகளால் அந்த விளைவை மீண்டும் காட்ட முடியவில்லை. மனிதர்களில் நடந்த சிறிய ஆய்விலும் பலனில்லை. 2016 கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவரான ஆன்டனி ஃபவுச்சி, பலனில்லை என்று சொன்ன ஆய்விலும் ஆசிரியர்.

அதே வாசகர்: இத்தனை குரங்குகளில் தெரிந்தது தற்செயலாகவா இருக்கும்?

முதல் ஆய்வின் வைரஸில் நெஃப் மரபணுவின் நடுவே, அதன் புரதத்தை முழுதாக உருவாகவிடாத ஒரு நிறுத்தக் குறியீடு இருந்தது பின்னர் வெளிப்பட்டது. நெஃப் இல்லாத எஸ்.ஐ.வி. வலுவற்றது.

ஆராய்ச்சி மாணவி (இடைமறித்து): அந்தக் குறியீடு குரங்கின் உடலில் விரைவாகவே சரியாகிவிடும் என்று 1991லேயே காட்டியிருக்கிறார்களே ஐயா?

உண்மை, வலுவான வாதமும்கூட. ஆனால் அது ஒவ்வொரு விலங்கிலும் ஒரே நாளில் சரியாகும் என்று எதிர்பார்க்க முடியாது. தாமதமான விலங்கில் உடலின் எதிர்ப்பு முந்திக்கொள்ளலாம். சிறிய குழுவில் அந்த வேறுபாட்டையும் மருந்தின் விளைவையும் பிரித்தறிவது கடினம். ஆகவே வைரஸை அடக்கியது மருந்துதான் என்பதற்கு 'நிரூபணமானது' என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன்.

அதே வாசகர்: ஏற்கெனவே அனுமதி பெற்ற, ஆபத்தில்லாத மருந்து. கொடுத்துப் பார்ப்பதில் என்ன நட்டம்?

இலக்கு நம் சொந்தப் புரதம் என்று முன்பே சொன்னேன். வெடோலிசுமாபின் குடும்பத்தைச் சேர்ந்த நட்டாலிசுமாப், நோயெதிர்ப்புச் செல்கள் மூளைக்குள் செல்வதையும் தடுக்கிறது. தண்டுவட மரப்பு நோய்க்கு அதைப் பெற்ற சிலருக்கு ஜே.சி. வைரஸ் தலைதூக்கி மூளையைத் தாக்கியது. 2005இல் விற்பனை நிறுத்தப்பட்டு, கட்டுப்பாடுகளோடு 2006இல் திரும்பியது. நம் புரதத்தை மறைத்ததால் வைரஸ் நோய் வந்த கதை இது. 2006இல் லண்டனில், நம் புரதத்தையே குறிவைத்த டி.ஜி.என்.1412 என்ற சோதனை எதிர்ப்பொருளைப் பெற்ற ஆறு தன்னார்வலர்கள் சில மணி நேரத்தில் உயிருக்குப் போராடியதையும் தேடிப் படியுங்கள். இந்த வாதத்தை இத்துடன் நிறுத்துவோம்.

மென்பொறியாளர்: கொரோனா வைரஸ் நுழையப் பற்றும் நம் செல்லின் ஏ.சி.இ.2 புரதத்தை மறைத்தால் எல்லாக் கொரோனா வகைகளையும் தடுக்கலாமே?

அதைப் பயன்படுத்தும் வகைகளைத் தடுக்கலாம். ஏ.சி.இ.2வின் நொதிப் பணியைக் கெடுக்காமலே வைரஸைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களை நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகக் குழு 2023இல் வெளியிட்டது, சோதித்தது எலிகளில். இலக்கு நம் சொந்தப் புரதம்... முன்பு சொன்ன எச்சரிக்கையை மறுபடி படியுங்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: உறவினருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. இபாலிசுமாப் வரவழைத்துத் தரலாமா?

வேண்டாம். அது பல மருந்துகளும் பலனளிக்காமல் போனவர்களுக்கானது. அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் இலவசமாகத் தரும் மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டாலே பெரும்பாலோருக்கு வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிடும். அவருக்கு இறங்கவில்லை என்றால், அடுத்து எந்த மருந்து என்பதை வைரஸ் அளவுப் பரிசோதனை அறிக்கையோடு அந்த மைய மருத்துவரிடமே கேளுங்கள்.