காப்பர் கேபிளை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டால் கம்பெனி நெட்வொர்க் பாதுகாப்பாக இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். காப்பர் கேபிளில் மின்சாரம் ஓடும், ஃபைபர் என்பது ஒளி ஓடுகிற கண்ணாடி இழைக் கேபிள். நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால் இரண்டு மூன்று கட்டடம் உள்ள கம்பெனி, கொட்டேஷன் வந்துவிட்டது, முதலாளி "எதற்கு இவ்வளவு" என்று கேட்கிறார், அப்படித்தானே? ஒரே மாடியில் இருபது கம்ப்யூட்டர் என்றால் நல்ல கேட் 6 காப்பர் கேபிள் போதும், காசை வீணாக்க வேண்டாம்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பதினாறு வருடமாகக் கேபிள் வேலை செய்கிறேன். ஒரு கம்பெனியில் நெட் ஸ்லோவாக இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். ஆபீஸிலிருந்து குடோன் 170 மீட்டர். காப்பரில் ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர்தான் கணக்கு என்பதால், எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் நடுவில் மோட்டார் ரூமில் ஐந்து போர்ட் சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள்களைச் சேர்க்கிற பெட்டி) ஒன்றை வைத்து இணைத்திருந்தார். அந்த ரூமுக்குப் பூட்டே கிடையாது. உள்ளே போய்ப் பார்த்தால் நூலாம்படைக்கு நடுவில், செருகிய கேபிளுக்கு ஒன்றாக, மூன்று விளக்கு மினுக்குகிறது. இருக்க வேண்டியது இரண்டு. மூன்றாவது கேபிள் ஜன்னல் வழியாக மதிலைத் தாண்டிப் பக்கத்து ரீசார்ஜ் கடைக்குப் போகிறது. யாரோ தெரிந்தவருக்கு நெட் கொடுத்திருக்கிறார்கள், திருடும் எண்ணமெல்லாம் இல்லை. ஆனால் அந்தக் கடை கம்ப்யூட்டரில் நான் உட்கார்ந்து பார்த்தபோது கம்பெனியின் சம்பளப் பட்டியலும், சரக்கு வாங்குகிற பையருக்குக் கொடுத்த ரேட் ஷீட்டும் பாஸ்வேர்டு கேட்காமல் திறந்தன. பக்கத்தில் நின்ற முதலாளி என் தோளில் கை வைத்து, "மூடுங்க தம்பி, போதும்" என்றார்.

அந்த வாரமே சிங்கிள் மோட் (அதிக தூரம் போகிற வகை) ஃபைபர் இழுத்தோம். 10 கிலோமீட்டர் வரை ஒளியை அனுப்புகிற மாட்யூலுக்கு 170 மீட்டர் எம்மாத்திரம்? நடுவில் சுவிட்ச் இல்லை, இரண்டு முனையும் பூட்டிய ரேக்குக்குள். என் அனுபவத்தில் ஃபைபரின் பெரிய பாதுகாப்பே இதுதான், வழியில் யாரும் கேபிள் செருக இடம் இருக்காது. காப்பரை நடுவில் வெட்டி ஒரு சுவிட்சை நுழைக்க கேபிள் முனையில் பிளக் மாட்டுகிற ஒரு கிரிம்பிங் டூலும் ஐந்து நிமிடமும் போதும். ஃபைபரில் ஒளி போகிற கோர் 9 மைக்ரான்தான், வெட்டினால் அந்த நொடியே லிங்க் போய்விடும், திரும்ப ஒட்ட மெஷினும் பழகிய கையும் வேண்டும்.

அப்புறம், காப்பரில் ஓடுவது மின்சாரம், கேபிளை வெட்டாமல் வெளியிலிருந்தே பிடிக்க முடியும். 1970களில் அமெரிக்கக் கடற்படை ஓகோட்ஸ்க் கடலடியில் சோவியத் கேபிள் மேல் கருவியை மாட்டி அப்படித்தான் ஒட்டுக்கேட்டது. ஃபைபரில் மின்சாரம் இல்லாததால் அந்தக் கசிவு இல்லை. இடிமழைக் காலத்தில் மின்னல் கட்டடம் விட்டுக் கட்டடம் கேபிள் வழியாகப் பாய்ந்து போர்ட்டுகளைச் சுடுவதும் இல்லை, உலோகம் கலக்காத கேபிளாகப் பார்த்து வாங்கினால்.

ஃபைபரையும் டேப் செய்து ஒட்டுக்கேட்கலாமே என்று யாராவது வருவார்கள். தெரியும். இழையை வளைத்துக் கசிகிற ஒளியைப் பிடிக்கிற கிளிப் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் ஏடி அண்ட் டி என்ற டெலிபோன் கம்பெனி கட்டடத்தில் ஸ்ப்ளிட்டர் வைத்து ஒளியைப் பிரித்ததை, அங்கே டெக்னீஷியனாக இருந்த மார்க் கிளைன் 2006இல் வெளியே சொன்னார். அதனால்தான் ரிசீவ் பவரை (இந்த முனைக்கு வந்து சேர்கிற ஒளியின் அளவு) மாதாமாதம் எழுதி வையுங்கள் என்கிறேன். -5 டிபிஎம் இருந்தது திடீரென்று -8 ஆனால், அதாவது ஒளி பாதியானால், தூசியா, வளைவா, வேறு எதுவுமா என்று தேடுங்கள். ரகசியம் பெரிது என்றால் மேக்செக் (லிங்க்கில் போகிற டேட்டாவைப் பூட்டுகிற முறை) போட்டு என்கிரிப்ட் செய்துவிடுங்கள். ஃபைபர் போட்டால் வைரஸ் வராது, ஹேக் ஆகாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பாஸ்வேர்டு இல்லாத ஃபோல்டர் ஃபைபரிலும் திறக்கத்தான் செய்யும், அந்தக் கம்பெனியில் அதையும் அன்றே சரி செய்தோம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கேபிள் டிரம்முக்கு ஒரு வார்த்தை பேசாமல் பணம் கொடுக்கிறவர்கள் இழைகளை ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் கூலிக்கு மட்டும் பேரம் பேசுகிறார்கள். போன மார்கழியில் ஒரு மில்லில் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து 24 கோர் ஒட்டினேன், பகலில் லிங்க்கை நிறுத்தக்கூடாது என்றார்கள். மறுநாள் பர்ச்சேஸில் "ஒட்டுறதுக்கா இவ்வளவு?" என்று பில்லை ஓரமாக வைத்தார்கள். நான்கு மாதம் ஆகிறது, இன்னும் பாஸாகவில்லை. அந்த 24 கோரும் ஒரு நாள்கூட நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.