வைட்டமின் பி12 குறைபாட்டிலிருந்து தேறிவரும் மனைவியை எப்போது வேலைக்கு அனுப்பலாம்?

கேள்வி: டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறோம். மனைவி சுத்த சைவம், ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் வேலை. பி12 குறைபாடு என்று சொல்லி ஊசி போட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. ரத்தம் ஏறிவருகிறது என்கிறார்கள். ஆனால் விரல் மரத்துப்போவதும் நடையில் தள்ளாட்டமும் அப்படியே இருக்கின்றன. எப்போது வேலைக்குப் போகலாம்? வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

ரத்தம் தேறுவது ஒரு கணக்கு, நரம்பு தேறுவது வேறு கணக்கு. ஊசி போட்ட ஒரு வாரத்திலேயே எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களை அனுப்பத் தொடங்கிவிடும். ஹீமோகுளோபின் பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்தில் சரியாகும். நரம்பைச் சுற்றியுள்ள உறை மறுபடி வளர்வதற்கு 6 மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். ஆகவே வேலைக்குப் போகும் தேதியை ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரலையும் காலையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2003 முதல் இங்கே கோதுமை மாவிலும் மீலிமீல் என்ற மக்காச்சோள மாவிலும் ஃபோலிக் ஆசிட் சேர்ப்பது சட்டம். அந்தப் பட்டியலில் பி12 கிடையாது. ஃபோலிக் ஆசிட் நிறைய சேர்ந்தால் ரத்தசோகை வெளியே தெரியாமலே நரம்பு கெட்டுக்கொண்டு போகலாம். டாக்டர் சொல்லாமல் தனி ஃபோலிக் ஆசிட் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குக் கூடவே போய், மரத்துப்போவதையும் தள்ளாட்டத்தையும் கார்டில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். நரம்பு பாதித்தவர்களுக்கு ஊசி நெருக்கமாகப் போட வேண்டும். பிரிட்டிஷ் முறைப்படி, ஹைட்ராக்ஸோகோபாலமின் என்ற பி12 ஊசி 1 மில்லிகிராம் ஒன்றுவிட்டு ஒரு நாள், முன்னேற்றம் நிற்கும்வரை. அதன்பிறகு 2 மாதத்துக்கு ஒன்று. வெறும் சோர்வு என்று மட்டும் எழுதியிருந்தால் குறைந்த ஊசியோடு நிறுத்திவிட வாய்ப்பிருக்கிறது. தொடக்க வாரங்களில் சிலருக்குக் குறுகுறுப்பும் எரிச்சலும் கூடும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் ஊசியை விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். விட வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது பி12 அளவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது வீண் செலவு, எப்படியும் உயரமாகத்தான் காட்டும். ஹீமோகுளோபினையும், இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பாருங்கள். புது ரத்தம் ஊறும்போது இரும்புச்சத்து கரைந்துவிடும், அப்போது தேறிவந்த சோர்வு மறுபடி வரும். சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள், டீ இரும்பை உடம்பில் சேரவிடாது.

வீட்டில் முதல் ஆபத்து இருட்டு. பாதம் தரையை உணராதவர் கண்ணை நம்பித்தான் நிற்கிறார். குளிக்கும்போது முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் அப்படியே சாய்ந்துவிடுவார். குளியலறையில் ஒரு ஸ்டூல் போடுங்கள், உட்கார்ந்தே குளிக்கட்டும். கரண்ட் போனால் தானாக எரியும் சார்ஜ் பல்பு ஒன்றைப் படுக்கைக்கும் டாய்லெட்டுக்கும் இடையில் மாட்டுங்கள். ஹாட் வாட்டர் பாட்டிலைக் காலில் வைக்க விடாதீர்கள், கொப்பளித்த பிறகுதான் சூடு தெரியும். சோறு வடிப்பதை இப்போதைக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மறதி, எரிந்து விழுவது, காரணமில்லாமல் அழுவது எல்லாம் இந்தக் குறைபாட்டிலேயே வருபவை. சோம்பல் என்றோ வீம்பு என்றோ ஒரு வார்த்தை கூடச் சொல்லிவிடாதீர்கள், பாவம், அவரே தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

வேலைக்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு பையிலிருந்து பட்டனையும் நாணயத்தையும் பிரித்து எடுக்கிறாரா? ஊசியில் நூல் கோர்க்கிறாரா? பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்று கால் சொல்கிறதா? இது தெரியாமல் பவர் மெஷினில் உட்கார்ந்தால் விரலில் ஊசி இறங்கும். அதுவரை நூல் வெட்டுவது, சரிபார்ப்பது, மடித்து அடுக்குவது போன்ற உட்கார்ந்த வேலை கேளுங்கள். முதலில் அரை நாள். டாக்டர் கடிதத்தில் ‘ஓய்வு தேவை’ என்று மட்டும் இருந்தால் பயனில்லை. எந்த வேலை கூடாது, எது செய்யலாம், எத்தனை வாரம், மறுபடி எப்போது பார்ப்பார் என்று நான்கும் இருக்கட்டும். நோயின் பெயரை எழுதுவது உங்கள் மனைவி சம்மதித்தால் மட்டுமே.

பொதுச் சட்டப்படி, வாரம் 5 நாள் வேலை என்றால் 36 மாதச் சுற்றுக்கு 30 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. தொடர்ந்து 2 நாளுக்கு மேல் போகாவிட்டால் சான்றிதழ் கேட்கலாம். ஆடைத் தொழிலில் முதலாளிகளும் தொழிற்சங்கமும் பேசி முடிவெடுக்கும் பார்கெய்னிங் கவுன்சில் ஒப்பந்தம் வேறு மாதிரி இருக்கலாம், தொழிற்சாலையில் சங்கப் பிரதிநிதியாக இருக்கும் ஷாப் ஸ்டூவர்டிடம் கேளுங்கள். விடுப்பு தீர்ந்து சம்பளம் நின்று, 7 நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாமல் இருந்தால் யுஐஎஃப் என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் நோய்க்காலப் பணத்துக்கு விண்ணப்பிக்கலாம். 6 மாதம் கடந்தால் கிடைக்காது, தள்ளிப்போடாதீர்கள்.

ஊசி எத்தனை காலம் என்பது காரணத்தைப் பொறுத்தது. புரட்டாசி விரதத்தாலோ காவடி விரதத்தாலோ இது வரவில்லை. கல்லீரலில் உள்ள இருப்பு வருடக்கணக்கில் தாங்கும். வருடம் முழுக்கச் சைவமாக இருந்து பாலும் முட்டையும் குறைவாகச் சேர்ப்பது ஒரு காரணம்; சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், வயிற்று அமிலத்துக்கான ஓமெப்ரசோல் மாத்திரைகள் இன்னொன்று; வயிறே பி12-ஐ உறிஞ்சாத பெர்னீஷியஸ் அனீமியா மூன்றாவது. மூன்றாவது என்றால் ஆயுள் முழுக்கச் சிகிச்சை. உணவுக் குறைதான் என்றால், ஊசிக் கட்டம் முடிந்தபின் டாக்டரைக் கேட்டு மாத்திரைக்கு மாறலாம். 1000 மைக்ரோகிராம் மாத்திரையில் சுமார் 1 சதவீதம் தானாகவே ஊடுருவும், அதாவது 10 மைக்ரோகிராம். ஒரு நாள் தேவை 2.4 தான். இட்லி மாவு புளிப்பதிலும் ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியிலும் பி12 கிடைக்கும் என்பதை நம்ப வேண்டாம்.

நடை திடீரென மோசமானாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, பார்வை மங்கினாலோ அடுத்த ஊசித் தேதிவரை காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ போனால், பி12 குறைபாடு இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; மயக்கத்துக்குக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு உடம்பில் இருக்கும் பி12-ஐயும் செயலிழக்கச் செய்யும். உணவுதான் காரணம் என்று வந்தால், ஒரே சமையலைச் சாப்பிடும் நீங்களும் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.