‘இங்கிலீஷ் லாங்குவேஜ் ஆர்ட்ஸ்’ வகுப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

“குடும்பத்துடன் நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்கிறோம். மகன் ஆறாம் வகுப்பில் சேரப்போகிறான். அங்கே ‘இங்கிலீஷ் லாங்குவேஜ் ஆர்ட்ஸ்’ என்ற பாடத்தில் என்ன படிப்பார்கள்? இப்போதே இலக்கணப் பயிற்சியைத் தொடங்கிவிடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மதுரையிலிருந்து கிளம்பும்போது எங்களுக்கும் இதே கவலைதான். மகள் அப்போது ஆறாம் வகுப்பு. எடைக் கணக்குப் பார்த்துப் பார்த்துக் கட்டிய பெட்டியில் தடிமனான ஆங்கில இலக்கணப் புத்தகம் ஒன்றையும் திணித்தேன். இந்த ஜூனில் அவள் எட்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். அந்தப் புத்தகம் இன்றும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது.

நான் படித்த ஆங்கிலம் உரைநடை, செய்யுள், துணைப்பாடம். கேள்விக்கான விடையை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போடுவார். அதை அப்படியே தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண். மனப்பாடச் செய்யுளில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் அரை மதிப்பெண் போய்விடும். மகளும் ஐந்தாம் வகுப்பு வரை அப்படித்தான் படித்தாள்.

இங்கே வந்து மூன்றாவது வாரம் ஒரு சிறுகதை கொடுத்தார்கள். அதில் ஒரு பையனுக்குக் கடிதம் வருகிறது. அவன் அதைப் பிரிக்காமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறான். ஏன் பிரிக்கவில்லை என்பது கேள்வி. “அவனுக்குப் பயம்” என்று மகள் எழுதியிருந்தாள். நான்குக்கு இரண்டு. பக்கத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: “இது உனக்கு எப்படித் தெரிந்தது?”

எனக்குக் கோபம் வந்தது. விடை சரி என்றால் மதிப்பெண் கொடுக்க வேண்டியதுதானே! பெற்றோர் சந்திப்பில் எனக்கு ஒதுக்கிய பத்து நிமிடத்தையும் இதற்கே செலவழித்தேன். ஆசிரியை பொறுமையாகச் சொன்னார்: “உங்கள் மகள் சரியாகத்தான் ஊகித்திருக்கிறாள். ஆனால் அந்தப் பையன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததையும், உள்ளங்கை வியர்த்ததையும் அவள் எடுத்துக் காட்டவில்லை. நான் மதிப்பெண் கொடுப்பது அந்த இரண்டு வரிகளுக்குத்தான்.”

உங்கள் கேள்விக்கு என் பதிலும் அந்த இரண்டு வரிகள்தான். பாடத்தின் பெயரில் மொழி இருந்தாலும், மூன்று ஆண்டுகளும் இவர்கள் பிள்ளைகளிடம் விடாமல் கேட்பது “எந்த வரியில் இருக்கிறது?” என்பதைத்தான். 2010இல் வெளிவந்த ‘காமன் கோர்’ என்ற பாடத்தர வரையறையை நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏற்றன. டெக்சாஸும் வர்ஜினியாவும் ஏற்கவில்லை. அவர்களுக்குச் சொந்த வரையறை உண்டு. நியூ ஜெர்சி 2016இல் அதைத் திருத்தித் தன் பெயரில் வைத்துக்கொண்டது. காமன் கோரின் வாசிப்புப் பகுதியில் முதல் விதியே சான்று காட்டுவது பற்றியது. ஆறாம் வகுப்பில், சொன்ன கருத்துக்குப் படித்த பகுதியிலிருந்தே சான்று காட்ட வேண்டும். ஏழில் ஒன்று போதாது, பல சான்றுகள் வேண்டும். எட்டில் அவற்றுள் எது மிக வலுவானது என்று தேர்ந்தெடுத்துக் காட்ட வேண்டும். படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும். வீட்டுப்பாடத்துக்கு அருகில் உட்கார்ந்து பார்த்தால்தான் ஏழிலிருந்து எட்டுக்கு ஏறுவது எத்தனை கடினம் என்று தெரியும்.

நேராகச் சொல்லாததை வரிகளிலிருந்து பிடிப்பதை இவர்கள் ‘இன்ஃபரன்ஸ்’ என்கிறார்கள். நன்னூல் அடுக்கும் முப்பத்திரண்டு உத்திகளில் கடைசி ‘உய்த்துணர வைப்பு’. எழுதுகிறவன் உய்த்துணர வைக்கிறான், படிக்கிறவன் உய்த்துணர்கிறான். இதைச் சொன்னபோது மகள், “அப்போது ஏன் தமிழ் வகுப்பில் யாரும் எங்களை உய்த்துணரச் சொல்லவில்லை?” என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றினேன்.

கதையும் கவிதையும் மட்டும் வாசிக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். கட்டுரை, சொற்பொழிவு, தன்வரலாறு, அறிவியல் செய்தி எல்லாம் வரும். அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாறு, காமன் கோர் இந்த வயதினருக்குக் காட்டும் மாதிரி நூல்களில் ஒன்று. எட்டாம் வகுப்பு அளவில் வாசிப்பில் 55 சதவீதம் தகவல் நூல்களாக இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அது அறிவியல், வரலாறு உள்பட எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்த கணக்கு. இலக்கியத்தைத் துரத்திவிட்டார்கள் என்று வாட்ஸ்அப் குழுக்களில் புலம்புகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

எழுதுவதில் மூன்று வகை: வாதிடுவது, விளக்குவது, அனுபவத்தையோ கதையையோ சொல்வது. முதல் வகையில்தான் எங்கள் வீட்டில் ரகளை. ஏழாம் வகுப்பிலிருந்து எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் கட்டுரையிலேயே எழுதியாக வேண்டும். பள்ளி காலையில் தாமதமாகத் தொடங்க வேண்டும் என்று மகள் வாதிட்டாள். பஸ் நேரம், வேலைக்குப் போகும் பெற்றோர், மாலை விளையாட்டு என்று எதிர்த்தரப்புக்கு அவள் எழுதிய பத்தி அவளுடைய சொந்த வாதத்தைவிட வலுவாக இருந்தது. அதை மென்மையாக்கச் சொன்னேன். “அது ஏமாற்று வேலை அப்பா” என்று மறுத்துவிட்டாள்.

இன்னொரு முறை அவளுடைய கட்டுரையை ‘மெருகேற்றி’க் கொடுத்தேன். முப்பது ஆண்டு அலுவலகக் கடிதங்களில் பழுத்த என் ஆங்கிலத்தை எல்லாம் அள்ளிக் கொட்டியிருந்தேன். திரும்பி வந்தபோது முதல் பத்தி முழுவதும் வட்டமிட்டு, “இது யாருடைய குரல்?” என்று எழுதியிருந்தது. அன்றோடு என் உதவி நின்றது.

இலக்கணம் இல்லாமல் இல்லை. ஆறில் ‘அவன்’, ‘அது’ போன்ற பிரதிப் பெயர்கள், ஏழில் தொடர்களும் வாக்கியத்தில் இடம் மாறி நிற்கும் அடைகளும், எட்டில் செய்வினை, செயப்பாட்டுவினை. ஆனால் தனிப் பாடமாக நடத்துவது குறைவு. எழுதியதைத் திருத்தும்போது வந்து போகும். எனக்கு இதில் திருப்தி இல்லை. ஒரு வாக்கியம் ஏன் தவறு என்று மகளுக்குக் காதால் தெரிகிறதே தவிர, காரணம் சொல்லத் தெரியவில்லை. நாவலை முழுதாகப் படிக்காமல் நான்கைந்து பக்கத்தைக் கத்தரித்துக் கேள்வி கேட்பதும் எனக்குப் பிடிக்காத ஒன்று. மூன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் மாநிலத் தேர்வு நடத்தியாக வேண்டும் என்பது மத்திய அரசுச் சட்டம். அந்தத் தேர்வு துண்டுப் பகுதிகளைக் கொடுத்துத்தான் கேட்கிறது. வகுப்பும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

சொல் கற்றுத் தரும் முறை மட்டும் எனக்கு மிகவும் பிடித்தது. லத்தீன், கிரேக்க வேர்களைப் பிரித்துக் காட்டுகிறார்கள். ‘ஆடியன்ஸ்’, ‘ஆடிபிள்’ இரண்டிலும் உள்ள ‘ஆட்’ என்ற வேருக்குக் கேட்டல் என்று பொருள். பகுதி, விகுதி பிரித்துப் பகுபதம் படித்த பிள்ளைகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. உங்கள் மகனும் இதில் முந்திக்கொள்வான்.

இலக்கணப் புத்தகம் வேண்டாம். கிளம்புவதற்குள் அவனுக்குப் பிடித்த ஆங்கிலக் கதைப் புத்தகம் எதையாவது முழுதாகப் படிக்கட்டும். தமிழானாலும் சரி, படித்ததைப் பற்றி அவன் ஏதாவது சொன்னால் எந்த இடத்தில் அப்படித் தோன்றியது என்று கேளுங்கள். தட்டச்சும் பழகட்டும். ஆறாம் வகுப்புக்காரன் ஒரே அமர்வில் மூன்று பக்கம் தட்டச்சு செய்ய வேண்டும் என்று காமன் கோர் எதிர்பார்க்கிறது.

சேர்க்கையின்போது வீட்டில் பேசும் மொழி என்ன என்று ஒரு படிவம் கேட்கும். தமிழ் என்று எழுதினால் மகளைத் தனி வகுப்பில் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து நான் ஆங்கிலம் என்று எழுதினேன். தமிழ் என்று எழுதியிருந்தால், கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நான்கிலும் அவளைச் சோதித்து, தேவை இருந்தால் கூடுதல் உதவி கொடுத்திருப்பார்கள். அது தெரியாமல் நான் எழுதிய ஒரு சொல்லால், வட்டமாக உட்கார்ந்து விவாதிக்கும் வகுப்புகளில் அவள் பாதி ஆண்டு வாய் திறக்கவில்லை. நீங்கள் தமிழ் என்றே எழுதுங்கள்.