தலைவர் பேச்சில் வரும் மதச் சொல்லை எப்படி மொழிபெயர்ப்பது?

கேள்வி: செய்தி நிறுவனம் ஒன்றில் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்கிறேன். தலைவர்களின் உரைகளில் கடவுளின் பெயரும் வேத வசனங்களும் அடிக்கடி வருகின்றன. அவற்றை அப்படியே எழுதினால் பிரசாரம்போல் தொனிக்கிறது என்கிறார் எங்கள் ஆசிரியர். பொதுச் சொல்லாக மாற்றினால் பேசியவர் சொன்னதைத் திரித்ததாகாதா?

பதில்: ஆகும். தலைவர் ஒருவர் பொதுமேடையில் மதச் சொல்லை எடுத்தாளும்போது, பல நேரங்களில் அந்தச் சொல்லே செய்தியாகிவிடுகிறது. அதை நீக்கினால் செய்தியின் பாதியை நீக்கியதாகும். ஆனால் 'அப்படியே' எழுதுவது என்றால் என்ன என்பதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது.

2001 செப்டம்பர் 16 அன்று, அமெரிக்காவின் மீதான தாக்குதல் நடந்து ஐந்து நாள் கழித்து, அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் செய்தியாளர்களிடம் பேசுகையில் பயங்கரவாதத்துக்கு எதிரான போரைக் 'குரூசேட்' என்று குறிப்பிட்டார். ஆங்கிலத்தில் இச்சொல் மதுவிலக்குக்கும் ஊழல் ஒழிப்புக்கும்கூட வழங்கும். அரபியில் அதற்கு வழங்கும் பெயரிலோ சிலுவை வெளிப்படையாகவே இருக்கிறது. இடைக்காலத்தில் ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் முஸ்லிம்களுக்கு எதிராக நடத்திய அந்தப் போர்களைத் தமிழிலும் 'சிலுவைப் போர்' என்றுதான் சொல்கிறோம். எதிர்ப்புக் கிளம்பியதும் வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. இதை 'அறப்போர்' என்று மென்மையாக்கியிருந்தால், அந்த எதிர்ப்பு ஏன் எழுந்தது என்பதே தமிழ் வாசகருக்கு விளங்கியிருக்காது. 'சிலுவைப் போர்' என்று மட்டும் எழுதியிருந்தால், அவர் மதப்போரை அறிவித்துவிட்டதாகப் பொருள்பட்டிருக்கும். நானாக இருந்தால் 'சிலுவைப் போர்' என்றே எழுதி, ஆங்கிலத்தில் அது தீவிர இயக்கம் என்ற பொதுப்பொருளிலும் வழங்குவதை அடுத்த வாக்கியத்தில் சொல்லியிருப்பேன். வெளிப்படையான மதச் சொல் இல்லாமலும் இப்படி நேரலாம். அதே மாதம் அமெரிக்கப் படை நடவடிக்கைக்கு முதலில் 'எல்லையற்ற நீதி' என்று பெயரிட்டிருந்தார்கள்; அத்தகைய நீதி இறைவனுக்கே உரியது என்ற ஆட்சேபம் இஸ்லாமியர் தரப்பிலிருந்து வந்ததால் 'நீடித்த சுதந்திரம்' என்று மாற்றினார்கள்.

பேசியவரே தம் சொல்லுக்கு விளக்கம் தந்திருந்தால் அதையும் சேர்த்தே தர வேண்டும். இராமராஜ்யம் என்று தாம் சொல்வது இந்து ஆட்சியை அன்று, இறைவனின் ஆட்சியையே என்று காந்தி 1929-இல் எழுதினார். கேட்டவர்கள் எல்லாரும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்களா என்பது வேறு விவாதம்.

வசனம் மேற்கோளாக வரும்போது நீங்களாகப் புதிதாக மொழிபெயர்க்காதீர்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசியபோது ஆமோஸ் தீர்க்கதரிசியின் வரியை எடுத்தாண்டார். தமிழ் வேதாகமத்தில் அது 'நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது' என்று ஏற்கெனவே இருக்கிறது. 'புரண்டுவரக்கடவது' என்ற அந்தப் பழைய நடை காதில் விழுந்த உடனே, இது அவருடைய சொந்த வாக்கியம் இல்லை, வேத வாக்கு என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும். 'கடவுள்', 'கர்த்தர்' ஆகிய சொற்களுக்கும் இது பொருந்தும்: பொதுவாகச் சொன்னால் கடவுள் அல்லது இறைவன், வசனத்துக்குள் வந்தால் அந்த மரபினர் வழங்கும் பெயர்.

மறைமுகக் குறிப்புகள்தான் கடினம். 2003 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில், மக்களின் நற்குணத்திலும் இலட்சியத்திலும் விசுவாசத்திலும் 'அற்புதம் செய்யும் வல்லமை' இருப்பதாக புஷ் சொன்னார். ஆலயத்தில் பாடிப் பழகியவர்களுக்கு அது ஆட்டுக்குட்டியானவரின், அதாவது இயேசுவின், இரத்தத்தைப் போற்றும் பழைய பாட்டின் வரி. மற்றவர்களுக்கு வெறும் அலங்காரம். மூலம் உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே குறிப்பு எழுதுங்கள். ஊகத்தில் எழுதுவது ஆபத்து.

தமிழாக்கத்தில் வரும் இன்னோர் இடரும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக வருவதை நாம் 'நாம்', 'நாங்கள்' என்று பிரித்தாக வேண்டும். 1865 மார்ச் 4 அன்று, அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில் பேசிய ஆபிரகாம் லிங்கன், இரு தரப்பினரும் ஒரே வேதாகமத்தை வாசித்து ஒரே கடவுளிடம் மன்றாடுவதைச் சொன்னார். பிறரைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்ற இயேசுவின் கட்டளையையும் எடுத்து, முன்னிலையைத் தன்மைப் பன்மையாக்கி, 'நாம் தீர்ப்பிடாதிருப்போம்' என்ற பொருளில் சொன்னார். அங்கே 'நாங்கள்' என்று எழுதினால் கடவுளை ஒரு தரப்புக்கு மட்டும் சொந்தமாக்காத அவ்வுரையின் அடிப்படையே சரிந்துவிடும். வேறொரு தலைவர் 'கடவுள் எம் பக்கம்' என்று எதிரியைச் சுட்டிப் பேசும்போது 'நாம்' என்று எழுதினால், வாசகரையும் அவருடைய அணியில் நிறுத்தியதாகிவிடும். உங்கள் ஆசிரியர் அஞ்சும் பிரசாரத் தொனி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உள்ளே நுழைகிறது என்பது என் கணிப்பு.

தலைப்பு எழுதும்போது மட்டும் உங்கள் ஆசிரியர் சொல்வதைக் கேளுங்கள். அங்கே விளக்கத்துக்கு இடமில்லாததால், மதச் சொல்லை மேற்கோள் குறியும் பேசியவர் பெயரும் இல்லாமல் போடக் கூடாது. இரண்டுக்கும் இடமில்லை என்றால் அந்தச் சொல்லைச் செய்தியின் முதல் பத்திக்கு நகர்த்திவிடுங்கள்.