ஆஸ்பத்திரி பில் எஸ்டிமேட்டை தாண்டிடுச்சு, இன்சூரன்ஸும் வெட்டிட்டாங்க, என்ன செய்யலாம்?

கேள்வி: அப்பாவுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஸ்டென்ட் வெச்சாங்க. 2 லட்சம் ஆகும்னு சொன்னாங்க, டிஸ்சார்ஜ் அன்னிக்கு பில் 3.40 லட்சம். விவரம் கேட்டதுக்கு ஒரே பக்கத்துல மொத்தத்தை போட்டு குடுத்து, முழுசா கட்டினாதான் அனுப்புவோம்னுட்டாங்க. நகையை அடகு வெச்சு கட்டினோம். ரூம் வாடகை லிமிட் 3000, நாங்க இருந்தது 5000 ரூபா ரூம், அதனால மொத்த பில்லுலயும் 40 சதவீதம் கழிச்சுட்டோம்னு இன்சூரன்ஸ்ல சொல்றாங்க. ஏதாவது வழி இருக்கா சார்?

பதில்: இருக்கு சகோதரி. ஆனா எந்த வழியில போனாலும் முதல்ல உங்க கையில பிரேக்-அப் பில் (எதுக்கு எவ்வளவுன்னு ஐட்டம் வாரியா போட்ட பில்) இருக்கணும், அது இல்லாம எங்க அதிகமா வாங்கினாங்கன்னு உங்களாலயும் சொல்ல முடியாது, என்னாலயும் சொல்ல முடியாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல தயாரிச்ச நோயாளிகள் உரிமை சாசனத்துல ஐட்டம் வாரியா பில் கேக்கறது உங்க உரிமைன்னு தெளிவா இருக்கு. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ரிஜிஸ்டர் தபால்ல ஒரு லெட்டர் போடுங்க, பில் விவரத்தோட கேஸ் ஷீட் (சிகிச்சை ரெக்கார்டு) காப்பியும் கேளுங்க, மெடிக்கல் கவுன்சிலோட 2002 விதிப்படி ரெக்கார்டு கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும். ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில இருந்து மத்திய அரசு உச்சவரம்பு விலை வெச்சிருக்கு, பில்லுல ஸ்டென்ட் விலையை தனியா, பிராண்ட் பேர், பேட்ச் நம்பரோட காட்டணும். உங்களோடதுல அது இருக்கான்னு முதல்ல பாருங்க.

எஸ்டிமேட்டை தாண்டினதே தப்புன்னு கோர்ட்ல சொல்ல முடியாது, நடுவுல சிக்கல் வந்தா செலவு கூடத்தான் செய்யும். ஆனா ஏன் கூடுச்சு, கூடும்போது உங்க கிட்ட சொன்னாங்களா, இதுக்கு அவங்க பதில் சொல்லியே ஆகணும். மருந்து விஷயத்துலயும் ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, வெளியில கம்மி விலைக்கு கிடைக்கற மருந்தை எம்ஆர்பி-க்கே வித்தாங்கன்னா அது சட்டப்படி குத்தம் இல்ல, எம்ஆர்பி-க்கு மேல போனாதான் குத்தம். எங்க ஃபார்மசியிலதான் வாங்கணும்னு கட்டாயப்படுத்தறது சாசனத்துக்கு விரோதம், ஆனா 2025 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் இதுல நேரடியா உத்தரவு போடாம மாநில அரசுகளே கொள்கை முடிவு எடுக்கட்டும்னு விட்டுடுச்சு, அதனால இதை மட்டும் நம்பி கேஸ் போடாதீங்க.

பில் கட்டலன்னு ஆளை பிடிச்சு வெக்க யாருக்கும் உரிமை கிடையாது. பாக்கி இருந்தா சிவில் கேஸ் போட்டுதான் வாங்கணும், வெளிய விடாம தடுத்தா அது பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா, இப்போதைய குற்றவியல் சட்டம்) 127-ல வர்ற சட்டவிரோத அடைப்பு. இந்த மாதிரி நேரத்துல வேற வழியில்லாம கட்டறவங்க "ஆட்சேபணையோட கட்டறேன்"னு ஒரு வரி எழுதி அதை போட்டோ எடுத்து வெச்சுக்கணும். நீங்க எழுதலன்னாலும் பரவாயில்ல, அன்னிக்கு நடந்ததை இப்ப அந்த லெட்டர்லயே எழுதிடுங்க.

இன்சூரன்ஸ் விஷயம்தான் உங்க கேஸ்ல ரொம்ப பலமா இருக்கு, இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க, எனக்கு இதுல உண்மையிலேயே கோவம் வருது. 5000 ரூபா ரூம்ல இருந்தா வாடகை வித்தியாசத்தை கழிக்கலாம், டாக்டர் ஃபீஸ், நர்ஸிங், ஆபரேஷன் தியேட்டர் மாதிரி செலவையும் அதே விகிதத்துல குறைக்கலாம், ஆனா மருந்து, ஸ்டென்ட் மாதிரி உடம்புல வெக்கற பொருள், ஸ்கேன், ரத்த டெஸ்ட், ஐசியூ சார்ஜ் இதுல எல்லாம் அந்த விகிதத்தை போடக்கூடாதுன்னு இன்சூரன்ஸ் கம்பெனிகளை கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ 2020-லயே சொல்லிடுச்சு. ரூமை பொறுத்து கட்டணம் மாறாத ஆஸ்பத்திரின்னா விகிதக் கழிவே கிடையாது. ஸ்டென்ட் கேஸ்ல பில்லோட பெரிய பங்கு இந்த ஐட்டங்கள்தான், அப்ப மொத்த பில்லுல 40 சதவீதம்னு எப்படி வெட்ட முடியும்? கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்க, 30 நாள்ல பதில் வரலன்னாலோ, வந்த பதில் சரியில்லன்னாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கற அதிகாரி) கிட்ட போங்க, செலவே இல்ல, வக்கீலும் வேண்டாம், கம்பெனி மறுத்த தேதியில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும். இதே பிரச்சனைக்கு நுகர்வோர் கோர்ட்ல கேஸ் ஓடிட்டு இருந்தா ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார், அதனால இன்சூரன்ஸை ஆம்புட்ஸ்மேன் கிட்ட கொண்டு போங்க, ஆஸ்பத்திரியை மட்டும் நுகர்வோர் கோர்ட்டுக்கு கொண்டு போங்க.

நுகர்வோர் கோர்ட்டுக்கு 2 வருஷம் டைம் இருக்கு. நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது. அதுக்கு முன்னாடி 1915-க்கு (தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்) போன் பண்ணி ஒரு புகார் பதிவு பண்ணுங்க, சில ஆஸ்பத்திரி அந்த கட்டத்துலயே பேச வந்துடும்.

அப்பாவுக்கு மறுபடி அட்மிஷன் வேண்டி வந்தா பாலிசியில ரூம் லிமிட் எவ்வளவுன்னு பாத்துட்டு அதுக்குள்ள இருக்கற ரூமையே கேளுங்க, எஸ்டிமேட்டை எழுத்துல வாங்குங்க, தினமும் சாயங்காலம் அன்னிக்கு வரைக்கும் ஆன பில்லை கேட்டு வாங்கிடுங்க. பிரேக்-அப் பில் கைக்கு வந்ததும் அனுப்புங்க, எந்தெந்த ஐட்டத்தை கேள்வி கேக்கணும்னு குறிச்சு குடுக்கறேன்.